முடிச்சுப் போடாத கறுப்புத் துணி

செஞ்சி,
17-1-1965

அன்புள்ள அண்ணனுக்கு,

வேதா எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். சாரதா அண்ணிக்கு இடுப்பு வலி தேவலையா? பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டை அமிர்தவல்லிக்குக் கையில் நீளம். மடித்துவிட்டிருக்கிறேன். பத்து மாதம் முடிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். "நில்லு கண்ணு, நில்லு" என்று நான் கையை விட்டால் தொப்பென்று உட்கார்ந்துகொண்டு, தப்பு என்மேல்தான் என்பது போல் பார்க்கிறாள்.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிற இருபத்தாறாம் தேதியிலிருந்து இந்திதான் ஆட்சிமொழி என்கிறார்களே, அந்த நாளைத் துக்க நாளாக வைத்துக் கறுப்புக்கொடி ஏற்றச் சொல்லிக் கழகத்தில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை நம் வீட்டு மாடியில் ஏற்றப்போவதாகக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஜவுளிக்கடைக்காரருக்குக் கறுப்புத் துணிக்கா பஞ்சம்?

பக்கத்து மளிகைக்கடைச் சொக்கலிங்கம் ஐயாவை உங்களுக்குத் தெரியும். நாற்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போனவர், இன்றைக்கும் கதர்தான். அவரும் இவரும் சேர்ந்து ஒரே பத்திரிகை வாங்கி, நடுவில் பிரித்துப் பாதிப் பாதியாகப் படித்துவிட்டு மாற்றிக்கொள்வார்கள். மாற்றும்போதுதான் சண்டை. சீனாக்காரன் வந்தபோது ஜனாதிபதி போட்ட நெருக்கடி நிலை, சண்டை நின்று இரண்டு வருஷத்துக்கு மேலாகியும் ஏன் இன்னும் இருக்கிறது என்று இவர் கேட்டார். அதை வைத்துத்தானே யாரை வேண்டுமானாலும் விசாரணை இல்லாமல் பிடித்துப் போடுகிறார்கள், கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை என்றார்.

"சீனாக்காரன் ஊட்டுக்குப் போய்ட்டான்னு ஒனக்கு யாருப்பா தந்தி அடிச்சது?" என்றார் ஐயா.

நான் படித்த அரசியல் பாடத்தில் உள்ளதை ஒருநாள் இவரிடம் சொல்லியிருந்தேன். நெருக்கடி வந்துவிட்டது என்று ஜனாதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும் என்று சட்டத்தில் இருக்கிறது என்று. அதை இவர் பிடித்துக்கொண்டார். "ஊட்ல ஒரு கொழம்பு வெச்சாக்கூட நாலு பேரு திருப்தியான்னு கேக்கறோம். நாட்டுக்கு ஒருத்தர் திருப்தி போதுமாய்யா?"

ஐயாவே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தையை நான் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாது. நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் சொன்னால் அழுகிறேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

உங்கள் தங்கை,
வேதநாயகி

*

புதுடில்லி,
21-1-1965

அன்புத் தங்கை வேதாவுக்கு அண்ணனின் ஆசிகள்.

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதவில்லை. இதையே அவரிடம் படித்துக்காட்டு.

மாப்பிள்ளை செஞ்சிக் கடைத்தெருவிலிருந்து நாட்டைப் பார்க்கிறார். எனக்கு இரண்டு வீடு தள்ளி லாகூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த அம்மா இன்றும் ஒரு சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் விட்டுவந்த வீட்டுச் சாவி. நாடு துண்டாவது என்றால் என்ன என்று அவளைக் கேட்கவேண்டும். எல்லாரையும் பிடித்து வைத்திருக்க மேலே ஒரு கை வேண்டும் வேதா. அந்தக் கை சில சமயம் அழுத்தமாகத்தான் பிடிக்கும். பதினைந்து வருஷம் கழித்து இந்தி என்பது எல்லா மாகாணத்தாரும் உட்கார்ந்து எழுதிவைத்தது. எந்த ஜனாதிபதியும் ஒரு காலையில் எழுந்து போட்ட உத்தரவு அல்ல. எனக்கும் இந்திப் பரீட்சை கஷ்டமாகத்தான் இருக்கிறது. நாற்பது வயதில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்காக மாடியில் கறுப்புத் துணி கட்டவில்லை.

நான் சொல்வதெல்லாம் தப்பு என்றே வைத்துக்கொள். உனக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அது ஒன்று போதாதா? எனக்கும் இந்த மார்ச்சில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. நைனா போனபிறகு உன்னைப் பட்டணத்துக் காலேஜில் சேர்த்தபோது ஊரே சிரித்தது. நான் பொருட்படுத்தவில்லை. இன்றுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன், மாப்பிள்ளையைத் தடுத்துவிடு.

உன் அண்ணன்,
கோவிந்தராஜ்

*

செஞ்சி,
28-1-1965

அண்ணா,

உங்கள் கடிதம் இருபத்தைந்தாம் தேதி சாயந்திரம் வந்தது. படித்துக்காட்டினேன். சாவிக்கொத்து வரியை மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம், "மச்சான் சொல்றதுல பாதி நாயந்தான். அந்தம்மாவ நெனச்சா கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா சாவி என் கையிலயும் இருக்கணும்ல?" என்றார். துணியை வெட்டிக்கொண்டு வந்து என் மடியில் போட்டார். கடை வாசலில் தைக்கிறவர் மாட்டேன் என்று மெஷினை மூடிவிட்டாராம்.

தைத்தேன். இனி எழுதுவது அண்ணிக்குக்கூடத் தெரியவேண்டாம். கம்பு நுழைக்கிற பக்கத்தில் தையலைப் பெரிது பெரிதாக ஓட்டினேன். நூல் முனையில் முடிச்சே போடவில்லை. கோட்டை மலைப் பக்கத்திலிருந்து தை மாதத்தில் அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். போலீஸ் கடைத்தெருவுக்கு வருவதற்குள் துணி பிய்த்துக்கொண்டு எங்கேயாவது வயல்பக்கம் போய் விழட்டும், அவர் ஏற்றியதும் ஆச்சு, யாரும் பார்க்காததும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன். படித்த புத்தி.

பிய்த்துக்கொண்டுதான் போனது. போய் விழுந்தது வயலில் இல்லை. சொக்கலிங்கம் ஐயா கடைமேல் குடியரசு தினத்துக்கு மூவர்ணக்கொடி ஏற்றியிருந்தார். அந்தக் கயிற்றில் போய்ச் சுற்றிக்கொண்டது.

எட்டு மணிக்குப் போலீஸ் வந்தது. மாடி ஜன்னலில் குழந்தையோடு நின்றிருந்தேன். "இன்னாய்யா, கதர் சட்டயும் போட்டுக்கினு கறுப்புக்கொடியும் ஏத்தறியா?" என்று ஏட்டு கேட்டார். ஐயா தலையைத் தூக்கிப் பார்க்கிறார். கையைப் பிடித்து இழுத்தார்கள். எழுபது வயது மனிதர், தடுமாறிவிட்டார்.

எங்கள் மாடியில் வெறும் கம்புதான் இருந்தது. இவர் வாயை மூடிக்கொண்டு கடைக்குள் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். உட்கார்ந்திரு, உட்கார்ந்திரு என்று நான் மேலே நின்று வேண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்றே வேண்டினேன் அண்ணா. எனக்குள் அப்படி ஒருத்தி இருக்கிறாள்.

இவர் இறங்கிப் போய், "அது என்னுது. அவர உட்டுடுங்க" என்றார்.

செருப்புப் போடக்கூட விடவில்லை. பாதுகாப்புச் சட்டமாம். கடலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. எத்தனை நாள் என்று கேட்டால் அதற்குக் கணக்கில்லை என்கிறார்கள். உங்கள் ஆபீஸில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை என்று ஒரு வார்த்தை.

வேதா

*

செஞ்சி,
9-2-1965

அண்ணா,

போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. ரயில் சரியாக ஓடவில்லை, தபால் வருகிறபோதுதான் வருகிறது. சென்னையில் தீக்குளித்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்தேன். இப்போது முழுப் பத்திரிகையும் என் கைக்கு வருகிறது. ஐயா தன் பாதியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார், படிக்க மனசில்லையாம்.

கதவைத் தட்டினால் யாரென்று கேட்கப் பயமாக இருக்கிறது. நேற்றுப் பால்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். உங்கள் பழைய கடிதங்களை அரிசிப் பானைக்குள் போட்டேன், அப்புறம் எடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் அப்படி என்ன இருக்கிறது? நீங்கள் சர்க்கார் பக்கம்தானே எழுதியிருக்கிறீர்கள். அதுகூட எனக்குப் புரியவில்லை பாருங்கள்.

இரண்டு வரி போடுங்கள்.

வேதா

*

புதுடில்லி,
24-2-1965

வேதாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாமல் இருந்தது தபாலின் தப்பு என்று எழுதினால் நீ நம்புவாய். அதனாலேயே அப்படி எழுதமாட்டேன்.

இந்த மாதம் எங்கள் பிரிவில் தென்னாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். நெருங்கிய உறவினர் யாராவது பாதுகாப்புச் சட்டத்தில் காவலில் இருக்கிறார்களா, பெயர், உறவுமுறை. மூன்று நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். நான்காம் நாள் மேலதிகாரி என் மேஜைக்கு வந்து கேட்டார். அந்த இடத்தில் 'நில்' என்று ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆபீஸ் இங்கிலீஷில் அப்படித்தான் எழுதுவது. ஒருவரும் இல்லை என்று பொருள்.

இனி யாரிடம் போய் நான் அவருக்காகப் பேசுவேன்? பேசினால், நீ ஏன் பேசுகிறாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஜனாதிபதியைப் பற்றி, நாட்டைப் பற்றி நான் எழுதியதை இன்றும் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லை நாட்டுக்காக எழுதவில்லை. பயந்து எழுதினேன். உன் அண்ணிக்கு இன்னும் தெரியாது.

எழுதினால் கவரின் பின்புறம் பெயரும் ஊரும் போடாதே.

கோவிந்தராஜ்

*

செஞ்சி,
14-3-1965

அன்புள்ள அண்ணனுக்கு,

அவர் வந்துவிட்டார். வியாழக்கிழமை மத்தியானம், திண்டிவனம் பஸ்ஸில். இளைத்திருக்கிறார், இருமல் இருக்கிறது. மற்றபடி அதே ஆள்தான். வந்த அன்றே கடைக்குப் போய்விட்டார்.

எப்படி விட்டார்கள் என்று எழுதவேண்டும். சொக்கலிங்கம் ஐயாதான். 'கொடி காற்றில் வந்து என் கயிற்றில் விழுந்தது, என்னைப் பிடித்ததைப் பார்த்துத்தான் அவன் தானாக வந்து ஒப்புக்கொண்டான், அவன் அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆளை எனக்குத் தெரியும்' என்று கலெக்டருக்குத் தன் கைப்பட எழுதி, கடலூருக்கு நான்கு முறை பஸ் ஏறினார். அவருடைய கட்சிக்காரர்களே அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள். போன மாதக் கடைசியில் என்னையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார். ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இவரைக் கண்டதும் ஐயா ஆரம்பித்ததே சண்டைதான். "மொதல்ல வெளிய வா. நெருக்கடி வேணுமா வேணாமான்னு வெளியில பேசிக்கலாம். உள்ள இருக்கறவன்கிட்ட தர்க்கம் பண்ணா எனக்குத்தான் அசிங்கம்." இவர் சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

நான் அன்றைக்கு அங்கேயே இவரிடம் சொல்லிவிட்டேன், முடிச்சுப் போடாமல் தைத்ததை. சொல்லாமல் சோறு இறங்கவில்லை. இவர், "தெரியும். கம்புல ஏத்தறப்பவே பாத்துட்டேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பயந்துக்கினு தச்சிருக்கற. அத அவுத்து மறுபடி தெய்யின்னா ஒன் கை இன்னா பாடுபடும்? அதான் அப்படியே ஏத்திட்டேன்."

உங்கள் கடிதம் அதற்கு மறுவாரம் வந்தது. ஒன்று சொல்கிறேன், கேலியாக எடுத்துக்கொள்ளவேண்டாம். முதல் தடவை படித்தபோது அந்தச் சொல்லை நான் தமிழாகவே படித்துவிட்டேன். படிவத்தில் 'நில்' என்று எழுதினேன் என்று இருக்கிறது. அண்ணன் அந்த அதிகாரியைப் பார்த்து, நில் ஐயா, இது என் தங்கை புருஷன் என்று எழுதிவிட்டார் என்று நினைத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடம் வரைக்கும் நடந்தேன். பிறகுதான் அடுத்த வரி.

ஒரு வாரம் உங்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. என்னைக் காலேஜில் சேர்க்க ஊரையே எதிர்த்து நின்ற அண்ணனா இப்படி என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினேன், கிழித்தேன். அவர் வந்ததும் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "மச்சான் பயந்துட்டாரு. நீயுந்தான பயந்த" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் நான் எங்கே கோபப்படுவது? நான் விட்ட முடிச்சும் நீங்கள் எழுதிய சொல்லும் ஒரே பயம்தான். என்னுடையது காற்றில் பறந்து ஊர் பார்க்க விழுந்தது, உங்களுடையது ஒரு கோப்புக்குள் இருக்கிறது.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அண்ணியிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். உங்கள் மாப்பிள்ளைக்கும் எழுதுங்கள், அவருக்கே, தனியாக. திட்டி எழுதினாலும் சரி. நாடு துண்டாகிவிடும் என்று எழுதினால் பதிலுக்குப் பத்துப் பக்கம் எழுதக் காத்திருக்கிறார். கடையில் நேற்றிலிருந்து மறுபடியும் பத்திரிகை பாதிப் பாதிதான். சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. இன்னமும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜன்னலுக்கு ஓடுகிறேன். அது போகாது போலிருக்கிறது.

அமிர்தவல்லி முந்தாநாள் சுவரை விட்டுவிட்டாள். நான் பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தபோது கூடத்து நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தாள், கால் இரண்டும் நடுங்கிக்கொண்டு. பயத்தோடுதான் நின்றாள். நான் 'நில்லு' என்றுகூடச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டபடி கவரின் பின்புறம் பெயர் போடவில்லை. உங்களுக்கு ஒரு கெடுதல் வரக்கூடாது. ஆனால் பெயர் இல்லாமல் எழுதுவது இதுதான் கடைசி. இனி நீங்கள்தான் எழுதவேண்டும், உங்கள் பெயரைப் பின்னால் போட்டு. எழுதுகிற வரைக்கும் அந்தச் சொல்லை நான் தமிழிலேயே வைத்துக்கொள்கிறேன்.

நிற்கிறேன், அண்ணா.

வேதநாயகி