கரியப்பன் லாரியும் என் கண்ணும்

கெலவரப்பள்ளி,
12-10-2004.

என் மகள் மணிமேகலைக்கு உன் அப்பா நாராயணப்பன் தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மா மாதம்மாளும் இரண்டு கறவை மாடுகளும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மோகனப்ரியாவும் அப்படியே இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போது மாதம்மாள் தினமும் சொல்கிறாள், நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன், இந்த நாலு வரிக்கே வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நான் எழுத்துப் படிக்கப் போகிற கல்வி மையத்து சுப்ரியா டீச்சர், தாத்தா நீங்கள் அழுத்தி எழுதுகிற வேகத்துக்கு மூன்றாம் பக்கத்திலும் எழுத்து தெரிகிறது என்றாள். தெரியட்டுமே, அறுபத்தாறு வயது வரை ஒரு பக்கத்திலும் தெரியாமல்தானே இருந்தது. இத்தனை வருஷம் உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் தாய்மாமன் கரியப்பன் எழுதியது. நீ எழுதுவதையும் அவன்தான் படித்துக் காட்டுவான். மாமா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்ட இடம் வந்தால் மட்டும் அவன் குரல் பெரிதாகும், அந்த வரியை இரண்டு தடவை படிப்பான். போனும் அவன் வீட்டில்தான். இனி நீ எழுதுவதை நானே படிப்பேன். இதில் இருக்கும் விஷயத்தை அவனிடம் சொல்லி எழுதவைக்கவும் முடியாது.

போன மாதம் போனில் நீ முதலில் கேட்டது மாமாவின் லாரி எப்படி இருக்கிறது என்றுதான், என் முழங்கால் வலி அதற்கப்புறம்தான் வந்தது. சரி, லாரியைப் பற்றி நானே எழுதுகிறேன். கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியதிலிருந்து அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. குருபரப்பள்ளி பழைய இரும்புக் கடையில் கிடந்த, மூக்கு நீண்ட அந்தக் காலத்து லாரி ஒன்றின் சட்டத்தை இழுத்து வந்து வீட்டுப் பின்னால் போட்டான். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவன் நான். பலகை படிக்கத் தெரியாமலே பாலத்தையும் புளியமரத்தையும் அடையாளம் வைத்துக்கொண்டு பம்பாய் வரை போய் வந்தவன். அவன் மொபெட்டுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. அதனால் முத்துமணி டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது, "கோழிக்கூண்டு செய்யத் தெரியாதவன் லாரி செய்யறானாம்" என்று சொல்லிச் சிரித்தேன். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கோழிக்கூண்டு எழுந்து நின்றுவிட்டது. தகட்டை அவனே தட்டி மூக்கை வளைத்தான், கேபினுக்கு மரச்சட்டம் அவனே அறுத்தான், என்ஜினை வேறு வண்டியிலிருந்து பொருத்தி முதல் திருப்பிலேயே உயிர் கொடுத்தான். அத்திப்பள்ளியிலிருந்து பைக்கில் ஆள்கள் வந்து, "தும்ப சென்னாகிதே" என்று கன்னடத்தில் புகழ்ந்துவிட்டு அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். உன் அம்மா எனக்கு டம்ளரில் காப்பி கொடுப்பாள், தம்பிக்குச் சொம்பில் போகும். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆயுத பூஜையன்று லாரி முதல் தடவையாக ஓசூர் மலைக்கோயில் அடிவாரம் வரை போய்த் திரும்புகிறது, ஓட்டுவதற்குச் சூளகிரியிலிருந்து சுரேந்தர் என்ற டிரைவரைச் சொல்லியிருக்கிறான் என்று முத்துமணி சொன்னபோதுதான் எனக்கு வயிறு எரிந்துவிட்டது. என் லைசென்சு இன்னும் ஒன்றரை வருஷம் உயிரோடு இருக்கிறது. அக்கா வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா. நானாகக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. லாரியின் மூக்குக்குச் சிவப்பு எனாமல் பெயிண்டைப் பிரஷ்ஷால் இரண்டு கை அடித்திருந்தான், நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குக் கார் மாதிரி பளபளக்கவேண்டும் என்று ஆசை வந்து ஸ்பிரே அடிக்கிற மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்தான். நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அவன் டப்பாவைத் திறந்து தின்னர் கலந்ததும் கனிந்த வாழைப்பழம் போல வாடை வந்தது. அது டூக்கோ பெயிண்ட். எனாமலுக்கு மேலே டூக்கோ அடித்தால் அடியில் இருப்பதை அப்படியே கிளப்பிவிடும். லாரிக்குப் பாடி கட்டுகிற இடங்களில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தவன் நான், இதற்காக இரண்டு பெயிண்டர்கள் அடித்துக்கொண்டதையே பார்த்திருக்கிறேன். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுப் பூக்காரி சாந்தம்மாவிடம் அவன், "எங்க மாமாவுக்கு ஓட்டத்தான் தெரியும், வேலை ஒண்ணும் தெரியாது" என்றான். திறந்த வாயை மூடிக்கொண்டேன். சொம்பில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் லாரி மூக்கு முழுக்கக் காய்ந்த மிளகாய்த் தோல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. கரியப்பன் மண்ணில் உட்கார்ந்திருந்தான். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது.

அந்த இனிப்பு மத்தியானம் வரைகூட நிற்கவில்லை. உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருச்சுடா தம்பி" என்றாள். யார் கண் என்ற பேச்சு வந்தது. முதல் நாள் சாந்தம்மா, "கண்ணே பட்டுரும்போல இருக்குது சாமி" என்று வாய் நிறையச் சொல்லி வண்டிக்கு ஒரு முழம் கனகாம்பரமும் கொடுத்திருந்தாள். அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது. மாதம்மாள் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள், இனிமேல் வண்டிப் பக்கம் வரவேண்டாம் என்று சாந்தம்மா முகத்துக்கு நேரே சொன்னாள். ஊரில் நாலு வீட்டில் பூ வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், பூக்கூடைதான் அவளுக்குச் சோறு. நாலாம் நாள் நம் வாசலில் வந்து நின்று, "அண்ணா, நல்லாருக்குதுன்னுதான சொன்னன், அது ஒரு குத்தமா?" என்று கேட்டாள். கண் பட்டது நிஜம்தான் மகளே, ஆனால் அது என் கண்.

கரியப்பன் முன்னால் போய் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். கரியப்பா, எனாமல் மேல் டூக்கோ அடிக்கக்கூடாது, வாடையிலேயே எனக்குத் தெரிந்தது, வேண்டுமென்றே சொல்லவில்லை, சாந்தம்மா மேல் தப்பில்லை என்று எழுதிக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். எனக்காக எத்தனையோ கடிதம் எழுதியவனுக்கு நான் எழுதிய முதல் கடிதம் அது. படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "ஏன் மாமா?" என்று ஒரே வார்த்தை கேட்டான். ஓட்டுவதற்கு எவனோ சூளகிரிக்காரனைக் கூப்பிடுகிறாயே என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது. "கோழிக்கூண்டுன்னு நீ சொன்னது அன்னிக்கே என் காதுக்கு வந்துருச்சு. கோழிக்கூண்டை ஓட்ட உனக்கு எதுக்கு மாமா ஆசை?" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் லாரி மூக்கை ஒரு தடவை தடவிவிட்டு, "மொதல்ல சாந்தம்மா வூட்டுக்கு நட, அப்புறம் உப்புத்தாள எடு" என்றான். போனோம். அவள் எங்களை உட்காரச் சொல்லவில்லை. உன் அம்மா வந்து கூப்பிட்டால்தான் வருவேன், பூஜையன்று வண்டி மூக்கில் மாலையை ஊர் பார்க்கத் தான்தான் போடுவேன் என்றாள். நியாயம்தான் என்றோம். மாதம்மாள் இரண்டு நாள் முரண்டு பிடித்தாள், பிறகு போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

எட்டு நாளாக இரண்டு பேரும் சுரண்டினோம். என் விரல் ரேகையே தேய்ந்துவிட்டது, இந்தக் கடிதம் மூன்று நாள் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பள்ளத்தை அடைக்கப் பட்டி வைத்து, பழையபடி எனாமலே அடித்து, நேற்றுக் காய்ந்தது. பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதில் கால் பங்கு என் வேலை, ஆனால் வருகிறவர்கள் எல்லாம் அவனைத்தான் புகழ்கிறார்கள். நேற்று அவனாகவே தீர்ப்புச் சொன்னான். "போறப்ப சுரேந்தர் ஓட்டுவான். வரப்ப நீ ஓட்டு. அதுதான் உனக்கு அபராதம் மாமா" என்றான். போகும்போதுதான் மாலையும் மேளமும் சனமும். திரும்பும்போது எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள், ரோட்டில் நாய்கூட நின்று பார்க்காது. சரி என்றேன். ஸ்டியரிங் அதே ஸ்டியரிங்தானே.

ஏரியில் தண்ணீர் இருக்கிறது, கேழ்வரகு கதிர் பிடித்துவிட்டது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், குழந்தையைக் காலையில் வெறும் காலோடு விடாதே. மாப்பிள்ளை வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தால் முன்னால் அடித்தது என்னவென்று கேட்டுவிட்டு அடிக்கச் சொல். பதில் கடிதத்தை என் பெயர் போட்டு, எழுத்தைப் பெரிதாகப் பிரித்து எழுது. மாமாவை விசாரிக்கவேண்டுமென்றால் அவனுக்குத் தனியாக ஒரு கார்டு போடு, என் கடிதத்தில் வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் ஆயுத பூஜை, மறந்துவிடாதே. அன்று மத்தியானத்துக்கு மேல் நீ போன் செய்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். அவன் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பான், நான் ஓட்டிக்கொண்டிருப்பேன். மணி அடிக்கட்டும்.

தன் கையால் எழுதிய உன் அப்பா,
க. நாராயணப்பன்.