அனுப்பிய மடலைப் பிடித்து வைத்தவளுக்கு

இன்று காலை பினாங்கு வாடிக்கையாளர் ஒருவருக்கு இறால் விலைப்பட்டியலை அனுப்பினேன். பொத்தானை அழுத்தியதும் திரையின் நடுவில் ஒரு பெட்டி குதித்தது: "ஃபைலு எங்கடி?" பட்டியலை இணைக்க மறந்திருந்தேன். பக்கத்தில் புதுக் கணினியைப் பொருத்திக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா ஆன்ட்டி, கம்ப்யூட்டர் உங்கள டி போட்டுப் பேசுது?" என்றான். கம்ப்யூட்டர் இல்லையப்பா, என் தோழி என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஒயருக்குள் புகுந்துகொண்டான். நல்ல பிள்ளை.

மதிய வேளையில் மற்ற பெண்கள் ஆன்லைனில் சேலை பார்ப்பார்கள். நீ டூல் பார்ப்பாய். ஊர் உலகமெல்லாம் மெயில் புரோகிராமை வாங்கி மெயில் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்க, உனக்கு அதற்குத் துணைக்கு ஒரு பட்டாளமே வேண்டும். பெரிய ஃபைலைச் சுருக்க ஒன்று, மடலின் அடியில் கையொப்பம் போட ஒன்று, இணைக்க மறந்தால் ஏச ஒன்று. "ஃப்ரீ லா, போட்டு வெச்சா சோறா கேக்கப் போவுது?" என்பாய்.

ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால் ஒன்றாக்கும் டூல் ஒன்றும் வந்தது. நம் ஆட்களிடம் அதைக் காட்டலாமா? நம்மோடு தொடர்பில் இருந்த சுப்ரமணியம் அத்தனை பேரையும் அது ஒரே சுப்ரமணியமாக்கிவிட்டது. ராவாங் லோரிக்காரருக்குப் போக வேண்டிய மடல் கோலா குபு பாருவில் அரசாங்க வேலையில் இருக்கும் சுப்ரமணியத்துக்குப் போக, அந்த நல்ல மனிதர், "லோரி இல்லை, என் காரில் எடுத்து வரவா?" என்று பதில் போட்டார். நீ மேசையில் கவிழ்ந்து சிரித்தாய். முதலாளி தவுக்கேயிடம் ஏச்சு வாங்கியது நான்.

ஆனால் அந்தத் தைப்பூசம். அதைத்தான் எழுத வந்தேன்.

தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அடுத்தடுத்து வந்தால் பாசிர் பெனம்பாங் இறால் கம்பெனியில் நமக்கு மூச்சு விட நேரமிருக்காது. எல்லாருக்கும் இறால் வேண்டும், உடனே வேண்டும். அந்த வருடம் தவுக்கேயின் மகன் தைப்பூச விடுமுறை கிடையாது என்று ஒரு மெயிலைத் தட்டிவிட்டான். என் மகனுக்குப் புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்கு நான் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். அதெல்லாம் கோபத்துக்குத் தெரியுமா? அவனுக்குப் பதில் எழுதினேன். இன்றும் சொல்கிறேன், அதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. கடைசி வரி, "இன்றோடு வேலையை விடுகிறேன்." அனுப்பினேன். முருகன் படத்தையும் என் மேசை ஃபேனையும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். "ஃபேன கொடுத்துட்டுப் போ லா, இங்க வேகுது" என்று பின்னால் கத்தினாய். உன்னைப் போல ஒரு துரோகி உண்டா என்று நினைத்தபடியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு நீ சொல்லித்தான் மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். என் கணினியில் எனக்கே தெரியாமல் ஒரு டூலைப் போட்டு வைத்திருந்தாய். நான் அனுப்பும் மடல் எதுவானாலும் பத்து நிமிடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் விடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எனக்காகவே தேடிப் பிடித்தாயாம். அதனால்தான் நிதானமாக ஃபேன் கேட்டிருக்கிறாய். நான் போனதும் என் இடத்தில் உட்கார்ந்து, மடலை ரத்து செய் என்று அழுத்தினாய். அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்றது டூல். இலவசத்தில் பிடித்து வைக்க மட்டும்தான் முடியுமாம், தடுக்க முடியாதாம்! நிமிடங்கள் ஓடின. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி, சுவரோரம் இருந்த மோடத்தின் கம்பியைப் பிடுங்கினாய்.

அலுவலகமே செத்தது. உள்ளறையிலிருந்து பெரிய தவுக்கே கால்சட்டை நழுவாத குறையாக ஓடி வந்தார். கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவரிடம் நீ மலாயில் சொன்னதை எனக்குத் தமிழில் நடித்துக் காட்டினாய்: "தெரியல பாஸ். சின்ன பாஸ் தைப்பூச லீவ கேன்சல் பண்ணாரு, லைன் கட்டாயிடுச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு எனக்கு எப்பிடி தெரியும்?"

வாசலில் காவல் தெய்வம் டத்தோ சாமிக்குத் தினமும் பத்தி கொளுத்தும் மனிதர் அவர். முகம் வெளுத்துவிட்டதாம். மகனைக் கூப்பிட்டு நாலு ஏச்சு, எல்லாருக்கும் லீவு. அவர் பத்தி கொளுத்தப் போன நேரத்தில் லைன் இல்லாமல் அவுட்பாக்ஸில் சிக்கி நின்ற மடலை நீ அழித்துவிட்டுக் கம்பியைச் செருகினாய். லைன் வந்தது. அன்று முதல் தைப்பூசம் வந்தால் தவுக்கேயே நம்மைத் துரத்தாத குறையாக அனுப்பி வைப்பார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து என் மடியிலிருந்த ஃபேனை முதலில் வாங்கிக்கொண்டாய். "வாடி உள்ள, லீவு கெடச்சிருச்சு."

"என் மெயிலு?"

"எந்த மெயிலு?"

இப்படி என் மடலைப் பிடித்து வைத்தவள், உன் நோயையும் என்னிடம் சொல்லாமல் பிடித்து வைத்தாய். கடைசியில் ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்து உன்னோடு சண்டை போட்டேன். நர்ஸ் வந்து என்னை அடக்கினாள். "சொன்னா நீ டாக்டருக்கே காரசாரமா மெயில் போட்டுருவே லா" என்றாய். போட்டிருப்பேன்தான். ஆனாலும் சொல்லியிருக்கலாம். நீ போன பிறகும் உன் மேல் எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது.

மத்தியானம் தம்பி பழைய கணினியை எடுத்துப் போய்விட்டான். உன் டூல் ஒன்றுகூடப் புதியதில் ஓடாதாம். இனி அழுத்தினால் மடல் போனது போனதுதான்.

பொறுமை கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். கற்கவில்லை. ஆனால் கோபம் தலைக்கேறும்போது, என் பிழைப்பு போய்விடக் கூடாதே என்று ஒருத்தி முதலாளி முன்னால் நின்று சாமி பேரில் பொய் சொன்னாள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கடைசி வரியை மட்டும் அழித்து அனுப்புகிறேன்.

வேலை இன்னும் இருக்கிறதடி.