வின்ஸ்லோ பிரபுவும் என் வலது கையும்

17 ஜூன் 2007, ஞாயிறு
சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் வாங்கினேன். விக்டோரியா ராணி காலத்துப் பட்டாள அதிகாரி, வின்ஸ்லோ பிரபுவின் வாழ்க்கை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவருக்கு இங்கிலீஷ்காரன் கதை எதுக்கு என்று அஞ்சலாட்சி கேட்டாள். பெண்டாட்டிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? சும்மாதான் என்றேன்.

19 ஜூன்
அப்பன் பணத்தில் பதவி வாங்கியிருக்கிறான்! அந்தக் காலத்தில் அதுதான் வழக்கமாம். இருபத்துமூன்று வயதில் கேப்டன். எனக்குக் கார்ப்பொரால் ஆவதற்குள் அல்ஜீரியா வெயிலில் முதுகுத்தோல் உரிந்தது. போடா, நீயும் உன் பவிசும்.

24 ஜூன்
ஆள் லேசுப்பட்டவன் இல்லை. கிரிமியாப் பனியில் காய்ச்சல்காரச் சிப்பாயைத் தன் குதிரையில் ஏற்றிவிட்டு நடந்தே போயிருக்கிறான். கால்விரல் இரண்டு போச்சு. அதற்கப்புறமும் பல வருஷம் சர்வீஸ். இவன் கீழே நான் வேலை பார்த்திருக்கக் கூடாதா?

1 ஜூலை
ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய நாளுக்கு ஒத்திகை. போர் நினைவுச் சின்னத்தின் முன் எங்கள் சொல்தா சங்கத்து, அதாவது பழைய பிரெஞ்சுச் சிப்பாய்கள் சங்கத்துக் கொடியை வருஷா வருஷம் நான்தான் பிடிக்கிறேன். செத்தவர்களுக்காகக் கொடியைத் தாழ்த்தணும், ஆனால் தரையில் படக் கூடாது. இன்றைக்குக் கை நடுங்கி, படப் பார்த்தது. பக்கத்தில் நின்ற கன்னியப்பன் முழங்கையால் முட்டுக் கொடுத்தான். காத்து என்றேன். ஆமாம் காத்துதான் என்றான்.
எங்கே காத்து? ஒரு இலை அசையலயே.

3 ஜூலை
காபி டம்ளர் தளும்பினதை அஞ்சலாட்சி பாத்துட்டா.
"கொடி கீழ பட்டா நீங்க தாங்குவீங்களா?"ன்னா.
கோவம் வந்துடுச்சு, கத்திட்டேன். அந்தக் கொடிய விட்டுட்டா நான் யாரு? பென்ஷன் வாங்குற கெழவன் — அவ்ளோதான்.

8 ஜூலை
புத்தகம் முடிந்தது. கடைசியில் வின்ஸ்லோவுக்குப் பார்வை மங்குகிறது. யாரும் போகச் சொல்லவில்லை. அவனே ரெஜிமெண்ட் முன்னால் நின்று, "எதிரே நிற்பவர் முகம் எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லி, காசில்லாததால் உயர முடியாமல் கிடந்த ஒரு மேஜரிடம் வாளைக் கொடுத்துவிட்டான். பதவியை விற்றிருக்கலாம், அதுவும் வழக்கம்தான். சும்மா கொடுத்தான்.
மனுஷன்!

9 ஜூலை
கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். "பதினாலாம் தேதி நீ புடி"ன்னேன். அவன் உள்ளே போய் கொடி பிடிக்கிறவர் போடும் வெள்ளைக் கையுறை ஒரு ஜோடியை எடுத்து வந்து காட்டினான். எப்பவோ வாங்கி வச்சிருக்கான், படுபாவி.

14 ஜூலை
கொடி தாழ்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அசையவே இல்லை. நான் மெடல்களைக் குத்திக்கொண்டு வரிசையில் நின்று சல்யூட் வைத்தேன். கை நடுங்கிச்சு. யாரும் பாக்கல. எல்லாரும் கொடியத்தான் பாத்தாங்க. நானும்.