உயரத்தில் தொங்கிய பை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பூச்சி எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூடச் சேர்க்கமாட்டேன். போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். நீ "சரி விடுடி, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டாய். கடிதத்தில் உன்னால் அப்படி மாற்ற முடியாது.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பா உன் கட்டில் முழுக்கச் செய்தித்தாள்களைப் பரப்பி வைத்திருக்கிறார். நீ பயிற்சி முடிந்து வருவதற்குள் எடுத்துவிடுவாராம்.

நீ கிளம்பிய அன்று சமூகக் கூடத்தின் சாவியை என்னிடம் தந்து, சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் இரண்டு அறைகளையும் கூட்டி வை என்றாய். கூட்டத்தான் சொன்னாய். எதையும் எடுத்துப் போடச் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அந்தச் சாவி கையில் வந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. சமூக சேவைக்குக் கல்லூரியில் தரும் மதிப்பெண்ணுக்காக அங்கே போக ஆரம்பித்தவள், மதிப்பெண் வந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தாய். ஒரு அறையில், மூக்குக்கண்ணாடி விற்கும் சீனக் குடும்பத்துக் கண்ணாடிக்கடைக்காரரோடு உட்கார்ந்து தூரிகையால் சீன எழுத்து எழுதுவாய். எதிர் அறையில் தையல்கார அக்கா பிள்ளைகளுக்கு அரபி ஓதச் சொல்லித்தரும்போது, தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருப்பாய். வீட்டுக்கு வந்ததும் அவர்கள் பழக்கவழக்கங்களை எல்லாம் ஆசையாகச் சொல்லுவாய். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பாதிதான் கேட்டிருக்கிறேன்.

நான் சுத்தம் செய்தால் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். "இவ கூட்டினா வீட்டுல சுவர் மட்டும்தான் மிஞ்சும்" என்று அம்மா சொல்லுவாளே, அதேதான். நீ வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கண்ணாடிக்கடைக்காரர் அறையின் மூலையில் மூடி போட்ட மரப்பெட்டி, அது நிறைய மை படிந்த தாள்கள். தையல்கார அக்கா அறையில் அலமாரிக்கும் மேலே, ஆணியில் ஒரு வெள்ளைத் துணிப்பை. நாற்காலியில் ஏறித்தான் எடுத்தேன். உள்ளே மஞ்சளாகிப்போன கிழிந்த பக்கங்கள். குப்பையை யாராவது இவ்வளவு உயரத்தில் மாட்டுவார்களா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியும் எடுத்தேன். இரண்டையும் குப்பை வண்டியில் கொட்டிவிட்டு வண்டிக்காரருக்கு நன்றி வேறு சொன்னேன்.

மறுநாள் கண்ணாடிக்கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். திரும்பவும் திறந்தார். எழுத்து விழுந்த தாளைக் கால் படாமல் சேர்த்துவைத்து, தனியாக எரித்து, சாம்பலை ஆற்றில் விடுவது அவர் வீட்டு வழக்கமாம். தையல்கார அக்காவின் பையில் இருந்தவை குர்ஆனின் நைந்த பக்கங்கள். சுத்தமான மண்ணில் புதைப்பதற்காக வைத்திருந்தாராம். அவருடைய அம்மா ஓதிய புத்தகம்.

புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். எனக்குப் படிக்கத் தெரியாததால் அவை எழுத்தாகவே எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "யாரும்மா எடுத்தது?" என்றார் தையல்கார அக்கா. "அக்காதான் எடுத்துப் போடச் சொன்னா" என்று என் வாய் சொல்லிவிட்டது. "உங்கக்காவா? அவளுக்குத் தெரியுமேம்மா. அந்தப் பையைத் தைச்சதே அவதானே" என்றார். நான் செய்தேன் என்று சொல்லியிருந்தால், தெரியாத பிள்ளை என்று விட்டிருப்பார்கள். தெரிந்தவள் செய்தாள் என்று ஆக்கிவிட்டேன்.

திங்கட்கிழமை தெருவில் தையல்கார அக்காவைப் பார்த்தேன். உனக்குப் போன் செய்தாராம். நீ, "ஆமாக்கா, நான்தான் சொன்னேன், மன்னிச்சிடுங்க" என்றாயாம். ஏன் அக்கா அப்படிச் சொன்னாய்? நான் மாட்டிக்கொள்வேன் என்றுதானே?

நேற்று கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து சாவியைக் கேட்டார். "பாப்பா மார்க்கு வாங்கியாச்சு. இனிமே எங்ககூட உட்கார்ந்து எதுக்குக் கஷ்டப்படணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். உன்னைத்தான் பாப்பா என்றார். அம்மாவும் விஷயம் புரியாமல் சிரித்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சாவியை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினேன். பெரியவர்களுக்கு அப்படித்தான் தர வேண்டும் என்று நீ சொன்னது மட்டும் சரியாக ஞாபகம் வந்தது.

இன்று பள்ளி விட்டதும் அவர் கடைக்குப் போனேன். யாருக்கோ கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். "கீழ் வரியில என்ன எழுத்து தெரியுது, படிங்க" என்று அவர் கேட்டது வாசல்வரை கேட்டது. நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை நீ ரயிலைவிட்டு இறங்கி நேராகக் கூடத்துக்குத்தான் போவாய். போனதும் தலையைக் குனிந்து இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்பாய். கேட்காதே அக்கா. நான் அங்கே முன்னாலேயே வந்து நிற்பேன். நீ வாசலில் நில். நான் உள்ளே போய், "அக்கா சொல்லல, நானா செஞ்சேன், உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்று இரண்டு அறையிலும் சொல்லிவிட்டு வருகிறேன். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், முதல் பாதி நன்றாக வருகிறது. நீ வாசலில் நிற்பது தெரிந்தால் மறுபாதியும் வந்துவிடும்.

அவர்கள் கூப்பிட்டால் உள்ளே வா. கூப்பிடவில்லை என்றால் இருவரும் நடந்தே வீட்டுக்கு வரலாம். வழியெல்லாம் என்னைத் திட்டு. "சரி விடுடி" என்று மட்டும் சொல்லாதே.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
பூச்சி

பி.கு.: கடைசி வரிகள் கோணலாகி உனக்குப் படிக்க வராமல் போகலாம். அதற்காகக் கடிதத்தை எறிந்துவிடாதே. எப்போதோ படுக்கச் சொன்ன அம்மா, இப்போது வந்து விளக்கை அணைத்துவிட்டாள்.