அரிசிதானே என்றீர்கள், அப்பா

என் ஆசை அப்பாவுக்கு,

ஆசை என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பொய் இல்லை, ஆசைதான். ஆனால் இன்றைக்கு இருக்கும் கோபத்தில், நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் முகத்துக்கு நேரே கத்தியிருப்பேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். படிக்கட்டும்.

தம்பி பாண்டி சிறையில் இருக்கிறான். கஞ்சா கேஸ். குமுளி மலைப்பாதையில் ஒரு ஜீப்பை மடக்கியிருக்கிறார்கள், ஓட்டியவன் இறங்கிக் காட்டுக்குள் ஓடிவிட்டான். ஓடியது பாண்டிதான் என்று இரண்டு நாள் கழித்துக் கூடலூருக்கு, நம் வீட்டுக்கே வந்து பிடித்துப் போனார்கள். அவர்கள் சொன்னது சரி. ஓடிய மறுநாள் காலையில் சின்னமனூரில் என் வீட்டுக்கு வந்து அவனே என்னிடம் சொன்னான். காலெல்லாம் முள் கிழித்திருந்தது.

"ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டேன்.

"செடிதானேக்கா. நா என்ன சாராயமா காய்ச்சுறேன்?" என்றான், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

அது அவன் வார்த்தை இல்லை, உங்கள் வார்த்தை.

நினைவு இருக்கிறதா? ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கிளம்புவீர்கள். பின் சீட்டுகளுக்கு நடுவே, கேரளாவில் விற்கக் கடத்தும் ரேஷன் அரிசி மூட்டை. மூட்டைக்கு மேல் ஒரு போர்வை, போர்வைக்கு மேல் நான். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடச் சீருடையோடு உட்கார வைப்பீர்கள். "செக்போஸ்ட்டுல யாரையும் நிமிந்து பாக்காத தாயி. வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுவு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறோம்னு நா சொல்லிக்கிறேன்."

நான் அழுவேன். நன்றாகவே அழுவேன். வண்டி தாண்டியதும் ஜீப் முழுக்கச் சிரிப்பு. "உங்க மக கெட்டிக்காரிண்ணே!" என்று அந்தப் பெண்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். குமுளியில் இறங்கியதும் நேந்திரம்பழத்தை எண்ணெயில் பொரித்த பழம்பொரி சுடச்சுட வாங்கித் தருவீர்கள். ஒரு தடவை, இது தப்பில்லையாப்பா என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "அரிசிதானே தாயி. நம்ம என்ன கஞ்சாவா கொண்டு போறோம்?" என்றீர்கள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. இரண்டாவது பழம்பொரியும் கேட்டு வாங்கினேன்.

இப்போது நான் கல்லூரியில் சமூகவியல் சொல்லித் தருகிறேன், அப்பா. அதில் குற்றவியல் ஒரு தாள். குற்றம் ரத்தத்தில் வருவதில்லை, கற்றுக்கொள்வது என்கிறது அதில் ஒரு பாடம். யாரிடம் கற்கிறோம்? நெருங்கியவர்களிடம். எவ்வளவு சின்ன வயதில், எத்தனை முறை, எவ்வளவு பிரியமானவரிடம் என்பதைப் பொறுத்து அது ஆழமாக இறங்கும். செய்யும் விதத்தை மட்டும் கற்பதில்லை. செய்தது தப்பே இல்லை என்று மனசைச் சமாதானப்படுத்தும் பேச்சையும் சேர்த்தே கற்கிறோம். செய்து முடித்ததும் பாராட்டு கிடைத்தால் மறுபடியும் செய்கிறோம். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடும்போது எனக்கு எண்ணெய் வாசனை அடிக்கும். பழம்பொரி வாசனை.

போன மாதம் கம்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "மேடம், ஒரே வீட்டுல ரெண்டு பேரு வளர்றாக. ஒருத்தரு தப்புக்குப் போறாரு, ஒருத்தரு போகல. அது எப்படி மேடம்?"

"பரீட்சைக்கு அது வராது, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு கேவலம்! அவளுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் நல்லவளாக இருந்ததால் தப்பிக்கவில்லை. வயசுக்கு வந்துவிட்டேன், அவ்வளவுதான். "பெரிய மனுஷி ஆன புள்ளைய செக்போஸ்ட்டுல கொண்டுபோய் நிறுத்துவாகளா?" என்று அம்மா சண்டை போட்டாள். சடங்கு முடிந்த மாதமே என்னை உத்தமபாளையத்தில் விடுதியில் சேர்த்தீர்கள். அங்கே என்னைச் சுற்றி வேறு பிள்ளைகள், வேறு பேச்சு. பொய் சொன்னால் அங்கே யாரும் கன்னத்தைக் கிள்ளவில்லை. மூட்டைக்கு மேல் என் இடம் காலியானது. எட்டு வயதுத் தம்பியைத் தூக்கி அதில் உட்கார வைத்தீர்கள். அவனுக்கு வயசுக்கு வருவது என்று ஒன்று இல்லையே, அப்பா. அவனை யார் இறக்கிவிடுவார்கள்?

"சேர்க்கைதான் தாயி அவனக் கெடுத்துருச்சு" என்று அம்மா அழுகிறாள். அவனுடைய முதல் சேர்க்கை நீங்கள்தானே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கெட்டவராகவாவது இருந்திருக்கலாம். பிரசவ வலி என்றால் காசு வாங்காமல் கம்பம்வரை வண்டி ஓட்டுவீர்கள். ஒருநாளும் எங்களைக் கைநீட்டி அடித்ததில்லை. நாங்கள் உங்கள் மேல் உயிராக இருந்தோம். அதனால்தான் நீங்கள் சொன்னதெல்லாம் ஒட்டிக்கொண்டது.

இப்போது அம்மா என்னிடம் ஒன்று கேட்கிறாள். ஜீப் பிடிபட்ட நேரத்தில் பாண்டி என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று நான் எழுதித் தர வேண்டுமாம்.

"வக்கீலு எல்லாம் எழுதியே வச்சிருக்காக. ஒரு கையெழுத்துதானே தாயி! ஆடி அமாவாசைக்குச் சுருளியில அப்பாவுக்குத் திதி குடுக்க மகன் வேணாமா?"

"பொய்யிம்மா அது."

"அப்பா இருந்தா உன்னயப் போடச் சொல்லியிருப்பாக."

ஆமாம். சொல்லியிருப்பீர்கள். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல். செத்த பிறகும் என்னை மூட்டை மேல் உட்காரச் சொல்கிறீர்களே, எப்போது விடப் போகிறீர்கள்?

நான் கையெழுத்துப் போடவில்லை. அம்மா என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. தம்பி இனி என்னை அக்கா என்று கூப்பிடுவானா, தெரியாது. ஆனாலும் மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போவேன். அந்த இடத்தில் முதலில் உட்கார்ந்திருந்தது நான்தான் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். உள்ளதைச் சொல்லிவிடு, வருவதைச் சேர்ந்து பார்ப்போம் என்பேன். கற்றதை வேறு மனிதர்களோடு இருந்து மறக்கவும் முடியும் என்று அதே பாடம் சொல்கிறது. வெளியே வந்ததும் அவன் என் வீட்டில் இருக்கட்டும். வீட்டில் நிற்கும் உங்கள் பழைய ஜீப்பை விற்கச் சொல்வேன், சண்டை போட்டாலும் சரி.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவனுக்காகப் பொய் சொல்ல மாட்டேன், அவனைக் கைவிடவும் மாட்டேன். இந்த ஆடிக்குச் சுருளியில் உங்கள் பெயரைச் சொல்லி யாரும் எள்ளும் தண்ணீரும் விட மாட்டார்கள். உங்கள் மகன் உண்மையைச் சொல்லி வெளியே வரும்வரை பசியோடு இருங்கள், அப்பா.

உங்கள் மூத்த மகள்,
பாண்டியின் அக்கா