பெண்டாட்டி சாட்சி

அடி அண்ணாமலை
8.8.1979

என் வீட்டுக்காரருக்கு,

வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை கோர்ட்டுக்கு அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஜெயிலில் பார்க்க வந்தபோது, "பொண்டாட்டி சாட்சி செல்லாதுடி, பயப்படாத" என்று சிரித்தீர்கள். அரசு வக்கீலிடம் கேட்டேன். பாதிதான் சரியாம்.

"புருஷன் உங்கிட்ட சொன்னத நான் கேக்கக் கூடாதும்மா. நீ கண்ணால பாத்தத கேக்கலாம்" என்றார்.

அதனால், என் தம்பியைப் பற்றி நீங்கள் என் காதருகே சொன்னது கூண்டில் என் வாயிலிருந்து வராது. இங்கேகூட அதை எழுதவில்லை.

ஆனால் தம்பி வாய்க்காலில் பிணமாகக் கிடந்த அன்று, பட்டப்பகலில், நம் மாட்டுத் தொட்டியில் அரிவாளைக் கழுவினீர்கள். அந்தத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டு விலகிப் போனது. அரிவாளைக் கூரையில் செருகினீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே போ என்று சொல்லக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. பெண்டாட்டிதானே!

எட்டு மாதமாக வாராவாரம் கறிக்குழம்பு கொண்டுவந்தேன். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. திங்கட்கிழமை தெம்பாக நின்று, நான் சொல்வதை முழுசாகக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
அவன் அக்கா