பேராசிரியருக்குப் போய்ச் சேராத நான்காம் இயல்

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற என் அக்காவுக்கு,

நீ போய் இரண்டாவது மழைக்காலம் நடக்கிறது. உன் மேசையை நாங்கள் நகர்த்தவில்லை. மைக்கூட்டில் மை காய்ந்து கட்டியாகிவிட்டது. அம்மை ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலுக்குப் போகும் முன் அதைத் துடைத்து வைக்கிறாள். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நீ பார்க்காமல் போனது இது: எல்லை போட்டுவிட்டார்கள். களியக்காவிளைக்குத் தெற்கே சென்னை ராஜ்யம். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளம். சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நாங்கள் கொடி பிடித்ததும் தொண்டை கட்டக் கத்தியதும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பலித்தது, நமக்குப் பலிக்கவில்லை. மார்த்தாண்டத்து அத்தையைப் பார்க்கப் போவது இப்போது அடுத்த ராஜ்யத்துக்குப் போவது. களியக்காவிளையில் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைத் தடவிப் பார்க்கிறார்கள். "எலே, ஒனக்க தொண்டைக்கு இது வேணும்" என்று நீ சிரித்திருப்பாய். சிரித்துக்கொள், பரவாயில்லை.

இந்தக் கடிதத்தை நம் சபையின் மாதப் பத்திரிகையில் போடக் கொடுக்கப் போகிறேன். உனக்குச் சொல்ல வேண்டியதை ஊரும் கேட்கட்டும் என்றுதான். உன் காதில் மட்டும் சொன்னால் அது எனக்கு ரொம்ப சௌகரியமாகப் போய்விடும்.

ஊருக்குத் தெரியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அக்கா பாறசாலை மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். எம்.ஏ. படித்தவள். திருப்புறம் முதல் கள்ளிக்காடு வரை பதினேழு குளங்களைக் கால்நடையாகப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு குளத்துத் தண்ணீரையும் யார் யாருக்கு எந்த வரிசையில் திறந்து விடுகிறார்கள் என்று ஆறு வருஷம் கேட்டு எழுதினாள். ஏழு இயல்கள். நான் அத்தியாயம் என்று சொன்னால் திருத்துவாள். நகல் எடுத்து முடித்ததும் பழைய குறிப்புகளை எல்லாம் அடுப்பில் போட்டாள். பழையதைப் பார்த்தால் மறுபடி திருத்தத் தோன்றும் என்றாள். ஆக, உலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு இருந்தது ஒரே ஒரு படி.

ஆராய்ச்சி நூல் என்றால் பெரியவர் ஒருவருடைய அணிந்துரை வேண்டும், இல்லாவிட்டால் பதிப்பகத்தில் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள் என்று உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். திருவனந்தபுரத்துப் பேராசிரியர் ஒருவர் எழுதித் தரச் சம்மதித்தார். உனக்குப் பள்ளியில் பரீட்சை நேரம். படியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாய்.

அந்த வாரம்தான் எங்கள் எல்லைக் கமிட்டி, ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரிக்க வந்த கமிஷனுக்குக் கொடுக்க மனு தயாரித்துக்கொண்டிருந்தது. இந்தக் கிராமங்கள் தமிழ்க் கிராமங்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று எல்லோரும் அலைந்தார்கள். உன் நான்காம் இயலில் பதினேழு ஊர்க்காரர்கள் பேசியது பேசியபடியே, பெயரோடு இருந்தது. அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஒரு வாரம்தானே, மனு எழுதியதும் நானே பேராசிரியர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். நெய்யாற்றின்கரையில் இறங்கி, துணியைப் பிரித்து, நான்காம் இயலை உருவிக் கமிட்டி ஆபீசில் கொடுத்தேன். மீதியோடு திருவனந்தபுரம் போனேன். பேராசிரியர் வீட்டில் இல்லை. வேலைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

நீ வாசலிலேயே நின்றாய். "எல்லாத்தையும் குடுத்தியா?" என்றாய்.

"குடுத்தேன் அக்கா."

இந்த ஒரு வார்த்தைதான். நான் உன்னிடம் அதற்கு முன்னும் பொய் சொல்லியிருக்கிறேன், சினிமாவுக்குப் போனது, சிகரெட் குடித்தது எல்லாம். அவற்றை நீ கண்டுபிடித்துவிடுவாய். இதை மட்டும் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

கமிட்டிச் செயலாளர் உன் பக்கங்களைப் புரட்டிவிட்டு முகம் சுளித்தார். "தம்பி, ஒரே ஆளு பாதி தமிழ்ல பேசுறான், பாதி மலையாளத்துல பேசுறான். இத குடுத்தா நம்ம கேஸே போச்சு. கலப்பு இருக்கிற பக்கத்தையெல்லாம் எடுத்துத் தனியா மாத்தி வை" என்றார். நானே உட்கார்ந்து பிரித்தேன் அக்கா. கலப்பு இல்லாத பக்கம் என்று நாலு தாள்தான் தேறியது. மீதியை ஆபீஸ் அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரம் ஊர்வலத்தில் அடிதடி, போலீஸ் வந்து அலமாரியோடு எல்லாக் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு போனது. நாலு தாள் மனுவோடு கமிஷனுக்குப் போனது. இரண்டும் திரும்பவில்லை. ஸ்டேஷனுக்கு எத்தனை முறை நடந்தேன் என்று சொல்லி உன்னிடம் பரிதாபம் தேட விருப்பமில்லை.

நீ காத்திருந்தாய். ஒரு வருஷம், இரண்டு வருஷம். ஒரு வரி எழுதிக் கேள் என்று அம்மை சொன்னபோது, "பெரிய மனுசன அப்படி நச்சரிக்கப்பிடாது அம்மா. படிச்சு முடிச்சா அவரே எழுதுவாரு" என்றாய். கிறிஸ்துமஸுக்கு மட்டும் அவருக்கு வாழ்த்து அட்டை போட்டாய். புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. இரண்டு அட்டைகளையும் தபாலில் போட்டவன் நான்தான்.

காமாலையில் கண்கள் மஞ்சளித்துக் கிடந்தபோது ஒருநாள் கேட்டாய். "மக்கா, அவருக்கு எனக்க புத்தகம் பிடிக்கல்லியோ?"

நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தேன். நீயே சுவரைப் பார்த்துக்கொண்டு, "நல்லா வரேல்ல போலுக்கு. ஆறு வருசம் போச்சு" என்றாய். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். கஞ்சி ஆறுகிறது என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

உன் காரியம் எல்லாம் முடிந்து நாற்பதாவது நாள் நான் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். நீ இறந்த செய்தியைச் சொன்னதும் மெல்ல எழுந்தார். உள்ளே போய், நீ சுற்றிக் கொடுத்த அதே துணியில் உன் படியை எடுத்து வந்தார்.

"மூணு தடவ படிச்சேன் தம்பி. இந்த மாதிரி வேலை நம்ம பக்கத்துல யாரும் செய்யல" என்றார். "பொருளடக்கத்துல நாலாம் இயல் இருக்கு, உள்ள இல்ல. அதுதான் நூலுக்கு உயிர்னு முன்னுரையில அவங்களே எழுதியிருக்காங்க. சரி, இன்னும் எழுதிக்கிட்டிருக்காங்க, வரட்டும், அணிந்துரை எழுதலாம்னு காத்திருந்தேன். வருஷா வருஷம் அட்டை வரும். மறக்கல, எழுதிக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்றாங்கன்னு எடுத்துக்கிட்டேன். நல்ல ஆராய்ச்சிக்காரங்கள அவசரப்படுத்தக் கூடாது இல்லையா?"

புரிகிறதா அக்கா? நீ அவரை நச்சரிக்கக் கூடாது என்று காத்திருந்தாய். அவர் உன்னை அவசரப்படுத்தக் கூடாது என்று காத்திருந்தார். உங்கள் இருவர் மரியாதைக்கும் நடுவில் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்தேன். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக் காப்பியைக் குடித்தேன். நான்காம் இயல் கிடைத்தால் கொண்டு வா, மறுநாளே அணிந்துரை தருகிறேன் என்றார்.

அதற்குப் பிறகு அந்தத் துணிச்சுற்றைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத படி இல்லை. ஆராய்ச்சி நூலை அச்சேற்றுவது எப்படி என்று இப்போது யார் கேட்டாலும் பாடமே நடத்துவேன். சென்னையில் ஒருவர், "பாடமா வைப்பாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் விசிறியை என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொருவர், அடிக்குறிப்புகளை எடுத்துவிட்டுக் கதை போல எழுதித் தர முடியுமா என்றார். அங்கே பல்கலைக்கழகத்தில், இரண்டு அறிஞர்கள் படித்துச் சரி என்றால்தான் வெளியிடுவார்களாம். அது நியாயம்தான். ஆனால் குமாஸ்தா முகவரியைப் பார்த்துவிட்டு, "இது இப்ப வேற ராஜ்யமாச்சே, உங்க பக்கத்துல கேளுங்க" என்றார். நம் பக்கத்தில் கேட்டேன். "ஸங்கதி நன்னு. பக்ஷே இது தமிழிலல்லே?" என்றார்கள், விஷயம் நல்லது, ஆனால் தமிழில் இருக்கிறதே என்று. உன் குளங்கள் எந்த ராஜ்யத்துக்கும் வேண்டாதவையாகப் போயின.

நாகர்கோவிலில் ஒரு பதிப்பாளர் மட்டும் என்னை உட்கார வைத்துப் பேசினார். மூட்டை மூட்டையாக யாரும் படிக்க மாட்டார்கள் என்றார். ஒரே பக்கத்தில் நூல் என்ன சொல்கிறது என்று எழுது, இதற்கு முன் யாரும் சொல்லாதது எது என்று எழுது, யார் படிப்பார்கள் என்று எழுது, பொருளடக்கம் வை, இருப்பதிலேயே சிறந்த இயல் ஒன்றை மட்டும் கூட வை, அதைப் படித்தாலே தெரிந்துவிடும் என்றார். இதை யாராவது உனக்கு அப்போதே சொல்லியிருந்தால்! பிறகு உன் முன்னுரையைப் படித்தார். நிமிர்ந்து, "சரி, அந்த நாலாம் இயலக் குடுங்க" என்றார்.

தொலைந்துவிட்டது என்றேன். யார் தொலைத்தது என்று சொல்லவில்லை. அவர் யோசித்துவிட்டு, "குளம் அங்கதான இருக்கு? நீங்களே போய்க் கேட்டு எழுதிச் சேத்துருங்க. அப்படியே அணிந்துரையும் வாங்கிட்டு வாங்க, போட்டுருவோம்" என்றார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! பஸ்ஸில் வரும்போது பாடிக்கொண்டே வந்தேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு குளம் குளமாகப் போனேன். திருப்புறத்தில் ஒருவர் பிரசங்கம் செய்வது போலச் சுத்தத் தமிழில் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் வேண்டுமென்றே முழுக்க மலையாளத்தில் பேசினார். தண்ணீரைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அமரவிளை ரோசம்மைப் பாட்டியாவது சொல்லுவாள் என்று போனேன். கடைசி வயல்காரனுக்கு முதல் தண்ணீர் என்ற வழக்கத்தை உனக்கு முதலில் சொன்னவள் அவள்தானே.

"டீச்சருட்ட சொன்னேன், உண்டு" என்றாள். "அவ ஒரு பக்கமும் இல்லாதவளாக்கும். நீ அப்படியா? கொடி பிடிச்சிட்டு இந்த வழியாத்தானே போன? இப்பம் நான் ஒண்ணு பறஞ்சா நாளைக்கு அது எந்த ஆபீசுல எனக்க பேரோட கெடக்குமோ. அன்னைக்கு அவகிட்ட சொன்னதுக்கே போலீஸ்காரன் வந்து எனக்க பேரச் சொல்லிக் கேட்டுட்டுப் போனான். எப்படித் தெரிஞ்சுதோ. போ மக்கா, சாயை குடிச்சிட்டுப் போ."

எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். சாயையைக் குடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் மேசையில் உட்கார்ந்தேன். போனது போகட்டும் என்று நானே எழுதினேன். உன் நடை எனக்குப் பழக்கம். ரோசம்மை இப்படிச் சொன்னாள், கள்ளிக்காட்டு மடைக்காரர் அப்படிச் சொன்னார் என்று பதினேழு ஊரையும் பத்து நாளில் எழுதி முடித்தேன். நன்றாகவே வந்தது. யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் படித்துப் பார்த்தபோது எல்லோரும் ஒரே ஆள் போலப் பேசினார்கள். ஒருவர்கூட இடையில் இருமவில்லை, தடுமாறவில்லை, ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சுக்குத் தாவவில்லை. கமிட்டிச் செயலாளர் கேட்ட இயல் அதுதான். நீ செய்தது போலவே அடுப்பில் போட்டேன்.

ஆறு இயல்களையும் நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். நான்காம் இயல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாள் வைத்து, இதை ஆசிரியரின் தம்பி எடுத்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை என்று எழுதினேன். போன வாரம் படியோடு ஒரு கார்டு திரும்பி வந்தது. வருத்தம் என்றும், குறைப்படியை அச்சிடுகிற வழக்கம் தங்களுக்கு இல்லை என்றும் எழுதியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இனிமேல் யாரிடம் கொண்டுபோவது என்றும் தெரியவில்லை. உன் புத்தகத்தைப் பற்றி அச்சில் வரப்போகிற பக்கம் இந்தக் கடிதம் ஒன்றுதான் போலிருக்கிறது.

உன் புத்தகம் வரும் என்று நான் உனக்கு வாக்குத் தர மாட்டேன். பொய் சொன்னது போதும். ஒன்று மட்டும் செய்கிறேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பேராசிரியருக்கு இந்த வருஷ அட்டையை நான் போடுகிறேன். நீ எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை அதில் எழுதுகிறேன்: அக்கா நான்காம் இயலை எழுதி முடித்துத்தான் அனுப்பினாள்.

அவருக்கு உன் புத்தகம் பிடித்திருந்தது அக்கா. மூன்று தடவை படித்திருக்கிறார்.

உன் நான்காம் இயலைக் கொண்டுபோன தம்பி,
ஞானதாஸ்
பாறசாலை